சுற்றலை நேர் நகர்வாக மாற்றும் பால் ஸ்க்ரூ: கணக்கு முதல் பழுது வரை முழுமையான வழிகாட்டி

மோட்டாருக்குச் சுற்றத்தான் தெரியும். கணினிக் கட்டளையில் ஓடும் சிஎன்சி மெஷினின் டேபிளோ நேராகப் போய், சொன்ன இடத்தில் நின்று, நேராகத் திரும்ப வேண்டும். நடுவில் நின்று சுற்றலை நகர்வாக மாற்றித் தரும் வேலையை இன்று பெரும்பாலான மெஷின்களில் பால் ஸ்க்ரூதான், அதாவது மரைகளுக்கு நடுவே எஃகுப் பந்துகள் உருளும் திருகுதான், செய்கிறது. சிஎன்சி லேத், விஎம்சி (செங்குத்து மில்லிங் மெஷின்), மின்சாரத்தில் ஓடும் பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷன் மெஷின், விமான இறக்கையின் ஃப்ளாப், சில கார்களின் பவர் ஸ்டியரிங் என்று அது ஒளிந்திருக்கும் இடங்கள் ஏராளம்.

விற்பவர்கள் அதைத் துல்லியத்தின் பெயரால் விற்கிறார்கள். துல்லியம் உண்டு. ஆனால் அது மரையை எவ்வளவு ஒழுங்காக வெட்டினார்கள், இரு முனைகளையும் எப்படிப் பிடித்தார்கள் என்பதைப் பொறுத்து வருவது. பந்துகள் நேரடியாகக் கொண்டுவந்த மாற்றம் ஒன்றுதான்: உராய்வு ஏறக்குறைய ஒழிந்துபோனது. பால் ஸ்க்ரூவின் நல்லது, கெட்டது, செலவு, தலைவலி எல்லாமே அந்த ஒரு மாற்றத்திலிருந்து கிளைப்பவை. அதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

கணக்குகளுக்கெல்லாம் ஒரே ஸ்க்ரூவை எடுத்துக்கொள்வோம். சந்தையில் 1605 என்று கேட்டால் கிடைப்பது: விட்டம் 16 மி.மீ., லீட் 5 மி.மீ. சிறிய சிஎன்சி ரூட்டர் (மரம் செதுக்கும் மெஷின்) கட்டுபவர்கள் அதிகம் வாங்குவது இதைத்தான். பெரிய மெஷினுக்கும் சூத்திரம் இதுவே, எண்தான் மாறும்.

முதலில், வெறும் திருகு

ஒரு காகிதத்தைச் செங்கோண முக்கோணமாக வெட்டி, பென்சிலில் சுற்றிப் பாருங்கள். சாய்ந்த விளிம்பு மரையாக ஏறும். திருகு என்பது உருளையில் சுற்றிய சாய்தளம். 16 மி.மீ. விட்டத்துக்குச் சுற்றளவு ஏறக்குறைய 50 மி.மீ.; ஒரு சுற்றில் ஏறும் உயரம் 5 மி.மீ. அதாவது 50 மி.மீ. தூரம் இழுத்து 5 மி.மீ. ஏற்றுகிறோம். உராய்வே இல்லையென்றால் தண்டின் விளிம்பில் கொடுக்கும் விசை பத்து மடங்காகும். அந்தச் சாய்வின் கோணம் 5.7 டிகிரி, அதை லீட் ஆங்கிள் என்பார்கள்.

தண்டின் மரையில் ஏறும் நட், டேபிளோடு இணைந்து, சுற்றாமல் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது. தண்டு இரு முனையிலும் பேரிங்கில் மாட்டியிருப்பதால் முன்பின் நகர முடியாது, சுற்ற மட்டுமே முடியும். தண்டு சுற்றும்போது மரையின் சாய்வு நட்டைத் தள்ள, நட்டுக்குப் போக ஒரே ஒரு திசைதான் மிச்சம். ‘சுற்றல் நகர்வாக மாறுகிறது’ என்பதன் முழுப் பொருளும் இந்த இரண்டு தடைகளில் இருக்கிறது. நட் கொஞ்சம் சுற்ற இடம் கிடைத்தாலோ, தண்டு கொஞ்சம் முன்பின் அசைந்தாலோ, அந்த ‘கொஞ்சம்’ அப்படியே ஜாப்பில் (வெட்டப்படும் பொருளில்) பிழையாக விழும். பின்னால் பேக்லாஷ் (திசை மாறும்போது தொலையும் அசைவு) பற்றிப் பேசும்போது இங்கேதான் திரும்பி வருவோம்.

லீட், பிட்ச் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பிட்ச் என்பது ஒரு மரையிலிருந்து அடுத்த மரைக்கு உள்ள தூரம். லீட் என்பது ஒரு முழுச் சுற்றில் நட் நகரும் தூரம். ஒற்றை மரை என்றால் இரண்டும் ஒன்று. இரட்டை மரையில் லீட், பிட்ச்சைப் போல இரு மடங்கு. ஆர்டர் கொடுக்கும்போது கேட்க வேண்டியது லீட்.

பந்துகள் நடுவில் வந்தால்

பழைய லேத்தின் லீட் ஸ்க்ரூவில் மரையும் மரையும் உரசுகின்றன. எண்ணெய் போட்ட எஃகு-வெண்கல உராய்வுக் குணகம் 0.1 முதல் 0.15 வரை இருக்கும். அங்கே மோட்டார் கொடுக்கும் வேலையில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் டேபிளுக்குப் போய்ச் சேரும். மீதி சூடாகவும் தேய்மானமாகவும் போகும். பால் ஸ்க்ரூவில் தண்டிலும் நட்டிலும் உள்ள பள்ளங்களுக்கு நடுவே எஃகுப் பந்துகள் உருள்கின்றன. உருளும்போது குணகம் 0.003 முதல் 0.01 வரை இறங்கிவிடுகிறது. 5.7 டிகிரி சாய்வில் இதைப் போட்டுப் பார்த்தால் திறன் 90 சதவீதத்தைத் தாண்டுகிறது.

இது புதிய யோசனையும் அல்ல. 1898இல் ஸ்டீவன்சன், கிளென் என்ற இருவர் தனித்தனியாக இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். பிறகு கார் ஸ்டியரிங்கில் பரவி, எண்களால் இயங்கும் மெஷின்கள் வந்தபோது அவற்றின் முதுகெலும்பானது.

பள்ளத்தின் வடிவம் கவனிக்க வேண்டியது. அது அரைவட்டமாக இருக்கும் என்று நினைப்போம். பெரும்பாலானவற்றில் மையம் விலகிய இரண்டு வில்கள் சேர்ந்து, அடியில் லேசாகக் கூர்ந்த வளைவாக இருக்கும். பந்து அடியைத் தொடாது; இரு பக்கச் சரிவில், ஏறக்குறைய 45 டிகிரி கோணத்தில் தொடும். இதனால் இரு திசைத் தள்ளலையும் தாங்க முடிகிறது, பந்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள இடைவெளியைக் கட்டுப்படுத்தவும் முடிகிறது. அடியில் மிஞ்சும் சின்ன இடத்தில் கிரீஸ் தங்கும்.

பந்து திரும்பும் பாதை

தண்டு சுற்றச் சுற்ற, பந்துகள் பள்ளத்தில் உருண்டு முன்னேறிக்கொண்டே இருக்கும். அப்படியே விட்டால் நட்டின் மறுமுனையில் கொட்டிவிடும். அதனால் சில சுற்றுகள் ஓடியதும் அவற்றைத் தூக்கி, ஆரம்பித்த இடத்துக்கே அனுப்ப வழி வேண்டும்.

அதற்கு மூன்று முறைகள் உண்டு. ஒன்று, நட்டின் வெளியே வளைந்த குழாய். பந்து இரண்டரைச் சுற்று ஓடிவிட்டு குழாய் வழியாகத் திரும்பும். இரண்டாவது, நட்டின் சுவரில் பதித்த சின்ன டிஃப்ளெக்டர். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அது பந்தைத் தண்டின் மேட்டைத் தாண்ட வைத்துப் பக்கத்துப் பள்ளத்தில் போடும், அதாவது ஒரு சுற்று பின்னால். 1605இல் பெரும்பாலும் இந்த முறைதான், 3.175 மி.மீ. பந்துகள், தனித்தனியாக நான்கு வட்டங்கள். மூன்றாவது, நட்டின் இரு முனையிலும் மூடி வைத்து உடம்புக்குள் துளை வழியாகத் திருப்புவது. பெரிய லீட், அதிவேக ஸ்க்ரூக்களில் இதைப் பார்க்கலாம். பால் ஸ்க்ரூ ஓடும்போது கேட்கும் மெல்லிய ‘சர்ர்’ சத்தத்தில் பெரும்பங்கு இந்தத் திருப்பங்களில் பந்து முட்டுவதால் வருவது. சீரான சத்தம் கெடுதல் இல்லை. இடையிடையே ‘கர்க்’ என்று கடிப்பது கெடுதல்.

கணக்குகள்

நகர்வு: ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. படிப்படியாகச் சுற்றும் வழக்கமான ஸ்டெப்பர் மோட்டாருக்கு ஒரு சுற்றில் 200 ஸ்டெப். மோட்டாரை இயக்கும் டிரைவர் சர்க்யூட்டில் ஒவ்வொரு ஸ்டெப்பையும் எட்டாகப் பிரித்தால் (மைக்ரோஸ்டெப்) 1,600 பல்ஸ். ஆக 1 மி.மீ.க்கு 320 பல்ஸ். ஒரு பல்ஸுக்கு 3 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சொச்சம். இதைப் பார்த்து ‘என் மெஷின் 3 மைக்ரான் துல்லியம்’ என்று சொல்லிவிட வேண்டாம். கட்டளையை எவ்வளவு சின்னதாகக் கொடுக்கலாம் என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது.

வேகம்: நிமிடச் சுற்றை லீட்டால் பெருக்கினால் போதும். 1,000 சுற்று என்றால் நிமிடத்துக்கு 5 மீட்டர்.

விசை: மோட்டாருக்குத் தேவையான முறுக்கு விசை = தள்ள வேண்டிய விசை × லீட் ÷ (2 × பை × திறன்). 500 நியூட்டன் தள்ள, 0.9 திறனில், ஏறக்குறைய 0.44 நியூட்டன் மீட்டர். அதே வேலைக்கு, அதே லீட்டில், 35 சதவீதத் திறனுள்ள உரசும் ஸ்க்ரூவுக்கு 1.14 வேண்டும். திருப்பிப் பார்த்தால், 1 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் 1605 ஏறக்குறைய 1,130 நியூட்டன் தள்ளும். அது 115 கிலோ எடையைத் தூக்கும் விசை. சின்ன மோட்டார்தானே என்று டேபிளுக்கு நடுவில் கை வைப்பவர்கள் இந்த எண்ணை நினைவில் வைப்பது நல்லது.

ஆயுள்: காட்டலாகில் டைனமிக் லோட் என்று ஒரு எண் இருக்கும். அதைச் சராசரி விசையால் வகுத்து, மும்மடி எடுத்து, பத்து லட்சத்தால் பெருக்கினால் எத்தனை சுற்று என்று வரும். நூறு ஸ்க்ரூவில் தொண்ணூறு இந்தச் சுற்றைத் தாண்டும் என்பது பொருள். 12,000 நியூட்டன் என்று போட்டிருக்கிறது, சராசரி விசை 1,500 என்றால் எட்டின் மும்மடி 512. ஆக 51 கோடியே 20 லட்சம் சுற்று. 5 மி.மீ. லீட்டில் அது 2,560 கிலோமீட்டர். விசை இரட்டித்து 3,000 ஆனால் ஆயுள் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகும்: 320 கிலோமீட்டர். மும்மடி இருப்பதால் அடிக்கடி முட்டவிடும் மெஷினில் ஸ்க்ரூ கணக்குக்கு முன்பே போய்விடுகிறது. ஒரு மோதலில் பள்ளத்தில் பதியும் பந்தின் தடம் ஆயுளின் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

இனர்ஷியா (வேகம் மாறுவதற்கு எடை காட்டும் எதிர்ப்பு): லீட் இரட்டித்தால் டேபிளின் எடை மோட்டாருக்கு நான்கு மடங்காகத் தெரியும். வேகம் வேண்டும் என்று பெரிய லீட் எடுத்துவிட்டு, மோட்டார் தடுமாறுகிறது என்று டிரைவரைக் குறை சொல்பவர்கள் இந்த வரியைப் பார்க்கவும்.

உராய்வு போனதற்குக் கொடுக்கும் விலை

உரசும் ஸ்க்ரூவில் சாய்வை விட உராய்வு அதிகம். அதனால் டேபிளைத் தள்ளினாலும் ஸ்க்ரூ சுற்றாது. அது தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. கார் ஜாக்கி இறங்காமல் நிற்பது இதனால்தான். பால் ஸ்க்ரூவில் சாய்வின் டேன்ஜென்ட் 0.1, உராய்வு அதிகபட்சம் அதில் பத்தில் ஒரு பங்குதான். எனவே நட்டைத் தள்ளினால் தண்டு சுற்றும். சுற்றலை நகர்வாக்கும் கருவி, அதே சுலபத்தில் நகர்வைச் சுற்றலாக்கும்.

படுக்கையாக உள்ள எக்ஸ், ஒய் அச்சுகளில் இது பெரிய விஷயம் இல்லை. செங்குத்தான இசட் அச்சில் உயிர்ப் பிரச்சினை. டூலைச் சுற்றும் 40 கிலோ ஸ்பிண்டில் தலையை 1605 தாங்கினால், அந்த எடை மோட்டாரைப் பின்னோக்கிச் சுற்றும் முறுக்கு 0.28 நியூட்டன் மீட்டர். கரண்ட் போனதும் ஸ்டெப்பர் மோட்டாரின் பிடிமானம் இதற்கு ஈடு கொடுக்காது. தலை இறங்கி, டூல் ஜாப்பில் குத்தும், அல்லது அங்கே இருக்கும் விரலில். ஆகவே செங்குத்து அச்சுக்கு கரண்ட் போனால் தானே பிடிக்கும் பிரேக் உள்ள மோட்டார் வேண்டும். எடை அதிகமென்றால் எதிர் எடை அல்லது கேஸ் ஸ்பிரிங்கும் சேர்க்க வேண்டும். மெயின்டனன்ஸுக்காக இசட் மோட்டாரையோ அதைத் தண்டோடு இணைக்கும் கப்ளிங்கையோ கழற்றும் முன் தலைக்கு அடியில் மரக்கட்டை வைத்து முட்டுக்கொடுங்கள். இதில் சமரசமே கிடையாது.

கையில் தூக்கிப் பார்க்கும்போதும் இதே விளைவு தெரியும். ப்ரீலோட் (ஆட்டம் போக முன்கூட்டியே கொடுக்கும் இறுக்கம்) இல்லாத ஸ்க்ரூவைச் செங்குத்தாகப் பிடித்தால் நட் தன் எடையாலேயே சுற்றிக்கொண்டே இறங்கி, முனையைத் தாண்டி விழும். பந்துகள் தரையெல்லாம் ஓடும். பார்சலில் நட்டின் இருபுறமும் கட்டியிருக்கும் டேப்பை மாட்டும்வரை எடுக்காதீர்கள்.

வாங்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

துல்லிய வகுப்பு என்பது நட் எவ்வளவு ஆடுகிறது என்பதல்ல, லீட் எவ்வளவு பிசகுகிறது என்பது. ஜப்பானிய வகுப்பில் சி7 என்றால் எந்த 300 மி.மீ. நீளத்திலும் 0.05 மி.மீ. வரை கூடக்குறைய இருக்கலாம். சி10இல் 0.21 மி.மீ. சி5 என்றால் 18 மைக்ரான், சி3 என்றால் 8. சி7, சி10 பெரும்பாலும் உருட்டி எடுத்தவை; அவற்றுக்கு மேலானவை பொதுவாக கிரைண்டிங் செய்தவை, விலையும் அப்படியே ஏறும். மரவேலை ரூட்டருக்கு சி7 தாராளம். லீட் பிசகு மாறாமல் ஒரே மாதிரி இருப்பதால், ஸ்லிப் கேஜோ (துல்லிய அளவுக் கட்டை) லேசரோ வைத்து அளந்து கன்ட்ரோலரில் பிட்ச் எர்ரர் திருத்தமாக ஏற்றிவிடலாம். எனவே பட்ஜெட் குறைவென்றால் வகுப்பில் மிச்சம் பிடியுங்கள், முனை பேரிங்கில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ப்ரீலோட் என்பது ஆட்டத்தை ஒழிக்கும் வழி. சாதாரண ஒற்றை நட்டில் சில பத்து மைக்ரான் ஆட்டம் இருக்கும். இரண்டு நட்டை நடுவில் ஸ்பேசர் வைத்து எதிரெதிராக இறுக்கலாம். ஒரே நட்டில் நடு மரையைக் கொஞ்சம் தள்ளி வெட்டலாம். அல்லது சில மைக்ரான் பெரிய பந்துகளைப் போடலாம். எவ்வளவு இறுக்குவது? ஸ்க்ரூ சந்திக்கும் அதிகபட்ச விசையில் மூன்றில் ஒரு பங்கு என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. டைனமிக் லோடில் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதிகமாக இறுக்கினால் பந்து கொண்டுவந்த லாபத்தையே திருப்பிக் கொடுக்கிறோம்: சூடு, தேய்மானம், மோட்டாருக்குச் சுமை.

நீளமும் வேகமும் ஒன்றையொன்று பிடிக்கும். மெல்லிய நீளத் தண்டு ஒரு குறிப்பிட்ட சுற்றைத் தாண்டினால் வில்லாக வளைந்து துடிக்கும். அந்த எல்லை தண்டின் மரை அடி விட்டத்துக்கு நேராகவும், தாங்கிகளுக்கு இடைப்பட்ட நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகவும் மாறும். 1605க்கு அடி விட்டம் 13 மி.மீ. என்று வைத்து, பாதுகாப்பு விட்டுக் கணக்கிட்டால்: ஒரு முனை இறுக்கம், மறுமுனை தாங்கல், இடைவெளி 1 மீட்டர் என்றால் ஏறக்குறைய 1,960 சுற்று. அதே தண்டின் மறுமுனையைத் தாங்காமல் விட்டால் 440தான். மறுமுனை பிளாக் எதற்கு என்று கேட்டு அதை விட்டுவிடுபவர்களுக்கு அந்த எண்ணே பதில். இடைவெளி ஒன்றரை மீட்டரானால் 870க்கு இறங்கும்; நிமிடத்துக்கு 4.4 மீட்டருக்கு மேல் போகாது. அப்போது 2510க்குப் போங்கள், அல்லது தண்டை நிறுத்திவிட்டு நட்டைச் சுற்றும் முறைக்குப் போங்கள். இன்னும் நீளமென்றால் ரேக்-பினியனே (பல் வெட்டிய சட்டமும் பல்சக்கரமும்) நல்லது.

விறைப்பு பலர் பார்க்காமல் விடுவது. ஸ்க்ரூ எஃகுதான், ஆனாலும் இழுத்தால் நீளும். 13 மி.மீ. அடி விட்டமுள்ள தண்டு, இறுக்கிய முனையிலிருந்து 1 மீட்டர் தள்ளி 500 நியூட்டன் இழுத்தால் 18 மைக்ரான் நீளும். 25 மி.மீ. ஸ்க்ரூவில் இது 7க்குள் அடங்கும். இரும்பு வெட்டும் மெஷினுக்குத் தடித்த ஸ்க்ரூ போடுவதற்குப் பாதிக் காரணம் வலிமை அல்ல, இந்த நீட்சிதான்.

மாட்டும் முறை

தண்டின் முனைகளை பேரிங்கோடு தாங்கும் பிளாக்குகள், 1605க்கு வழக்கமாக மோட்டார் பக்கம் பிகே12, மறுபக்கம் பிஎஃப்12. பிகே12இல் ஆங்குலர் காண்டாக்ட் பேரிங் ஜோடி இருக்க வேண்டும். முன்பின் தள்ளலைத் தாங்குவது அதுதான். மலிவான பிளாக்குகள் சிலவற்றில் அந்த இடத்தில் சாதாரண பால் பேரிங்கைப் போட்டு அனுப்புகிறார்கள். வாங்கியதும் மூடியைக் கழற்றி பேரிங் எண்ணைப் பாருங்கள்: 7001 இருந்தால் சரி, 6001 இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பிஎஃப் பக்கத்தில் சாதாரண பேரிங்தான் வேண்டும். தண்டு சூட்டில் நீளும்போது அது வழுக்கி இடம் கொடுக்கும்.

1. டேபிளை நேராக ஓட்டும் எல்எம் கைடுகளை (ரெயிலும் அதில் ஓடும் பிளாக்கும்) முதலில் மாட்டி முடியுங்கள். ஒரு ரெயிலை ஆதாரமாக வைத்து, இன்னொன்றை டயல் கேஜ் (நுண்ணிய அசைவைக் காட்டும் அளவி) வைத்து இணையாக்குங்கள். ஸ்க்ரூ ரெயிலுக்கு இணையாக வர வேண்டும், ரெயில் ஸ்க்ரூவுக்கு அல்ல.

2. பிகே பிளாக்கைப் பொருத்தி, ஸ்க்ரூவை நுழைத்து, லாக் நட்டை இறுக்கி, அதன் பக்கவாட்டு ஸ்க்ரூவையும் இறுக்குங்கள். அந்தப் பக்க ஸ்க்ரூவை மறந்தால் ஓட்டத்தில் லாக் நட் தளரும்.

3. பிஎஃப் பிளாக்கைத் தளர்வாக வையுங்கள். டயல் கேஜின் காந்த பேஸை எல்எம் பிளாக்கின் மேல் நிறுத்தி, தண்டின் மேல்புறத்தையும் பக்கவாட்டையும் இரு முனையிலும் அளந்து பாருங்கள். ஒவ்வொரு முனையிலும் தண்டை ஒரு சுற்று சுற்றி, வரும் ஏற்ற இறக்கத்தின் நடு எண்ணை எடுக்க வேண்டும். இல்லையென்றால் தண்டின் வளைவையும் பிளாக்கின் கோணலையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். இரு முனைக்கும் வித்தியாசம் 0.02 மி.மீ.க்குள் வரும்வரை ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள். நேரம் ஆகும் வேலை இது. இங்கே மிச்சப்படுத்தும் ஒரு மணி நேரத்தை நட்டின் ஆயுளிலிருந்து எடுத்துக்கொள்கிறீர்கள்.

4. நட் ஹவுஸிங்கை டேபிளில் தளர்வாக மாட்டி, டேபிளை பிகே முனைக்குக் கொண்டுபோங்கள். அங்கே நட் தானாக உட்காரும் நிலையில் போல்ட்டுகளை இறுக்குங்கள். ஹவுஸிங்குக்கும் டேபிளுக்கும் இடைவெளி தெரிந்தால் போல்ட்டால் இழுத்து மூடாதீர்கள், ஷிம் வைத்து நிரப்புங்கள்.

5. டேபிளைக் கையால் பிஎஃப் முனைக்கு நகர்த்தி, அங்கே வைத்து பிஎஃப் பிளாக்கை இறுக்குங்கள்.

6. கப்ளிங் இல்லாமல், தண்டைக் கையால் சுற்றி முழு நீளமும் போய் வாருங்கள். எங்கும் ஒரே கனம் இருக்க வேண்டும். முனைக்குப் போகப் போக இறுகினால் இணை சரியில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகினால் தண்டு வளைந்திருக்கிறது.

7. கடைசியாகக் கப்ளிங், மோட்டார். தண்டின் 10 மி.மீ. முனைக்குச் சரியான துளையுள்ள கப்ளிங் வாங்குங்கள்; டிரில் போட்டுப் பெரிதாக்கியது ஓரம் ஆடும்.

பேக்லாஷ்: நட்டைத் திட்டும் முன்

எந்த ஜாப் ஷாப்பிலும் கேட்கும் புகார் ‘ஆக்ஸிஸ்ல ப்ளே இருக்கு’, அதாவது அச்சில் ஆட்டம். உடனே நட் போயிற்று என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆரம்பத்தில் சொன்ன இரண்டு தடைகளை நினையுங்கள். நட்டைத் தவிர மூன்று நான்கு இடத்தில் அந்த ப்ளே ஒளிந்திருக்க முடியும், அவையெல்லாம் நட்டை விட மலிவு.

முதலில் மொத்தத்தை அளந்து பாருங்கள். டயலை டேபிளில் முட்டவைத்து, ஒரே திசையில் 1 மி.மீ. நகர்த்தி பூஜ்யம் வையுங்கள். அதே திசையில் இன்னொரு 0.1 போய், திருப்பி 0.1 வரச் சொல்லுங்கள். டயல் பூஜ்யத்துக்கு வர எவ்வளவு குறைகிறதோ அதுவே மொத்த இழப்பு. நீளத்தில் இரு முனையிலும் நடுவிலும் செய்யுங்கள். நடுவில் மட்டும் அதிகமென்றால் ஜாப் அதிகம் ஓடும் இடத்தில் தண்டு தேய்ந்திருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவென்றால் நட்டோ முனையோ.

அடுத்து முனையைப் பிரித்துப் பாருங்கள். தண்டின் பிஎஃப் முனையில் உள்ள சென்டர் துளையில் கொஞ்சம் கிரீஸ் தடவி ஒரு எஃகு பந்தை ஒட்டவைத்து, அதன் மேல் டயலை முட்டவையுங்கள். பந்து நடுவில் இருப்பதால் தண்டு சுற்றினாலும் டயல் ஆடாது. முன்பின் அசைந்தால் மட்டும் காட்டும். இப்போது டேபிளை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். திசை மாறும்போது டயல் துள்ளினால் குற்றவாளி பிகே பக்கத்து பேரிங்கோ லாக் நட்டோ. இறுக்கினாலே பல நேரம் சரியாகிவிடும்.

அங்கே அசைவில்லையென்றால் டயலை டேபிளில் நிறுத்தி நட்டின் ஃபிளேஞ்சில் முட்டவையுங்கள். அசைந்தால் ஹவுஸிங் போல்ட். அதுவும் இல்லையென்றால், மோட்டாரைப் பூட்டிய நிலையில் தண்டைக் கையால் திருக முயன்று பாருங்கள், சுற்றினால் கப்ளிங். இத்தனையும் தாண்டி மிச்சமிருப்பதுதான் நட்டின் ஆட்டம்.

கன்ட்ரோலரில் பேக்லாஷ் திருத்தம் கொடுக்கலாம். ஃபானுக் கம்பெனி கன்ட்ரோலரில் 1851ஆம் பாராமீட்டர். பத்து மைக்ரானுக்குள் என்றால் தயங்காமல் கொடுங்கள். 50, 60 என்று ஏற்றி மெஷினை ஓட்டுவது நோயை மறைக்கும் வேலை. வட்டம் வெட்டும்போது நான்கு இடத்தில் திசை மாறும். அங்கே படி விழும். டவுன் மில்லிங்கில் (கட்டரின் பல் வெட்டும் திசையிலேயே டேபிள் போகும் முறை) கட்டரே டேபிளை இழுக்கும். எந்த பாராமீட்டரும் அப்போது டேபிளைப் பிடிக்காது. இன்னொன்று: மோட்டாரின் என்கோடருக்குத் தண்டு எவ்வளவு சுற்றியது என்று மட்டுமே தெரியும். டேபிள் எங்கே நிற்கிறது என்று உண்மையாகத் தெரிய வேண்டுமானால் டேபிளில் கண்ணாடி ஸ்கேல் வேண்டும்.

சூடு

எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 12 மைக்ரான் நீளும். காலையில் குளிர்ந்த மெஷினில் பூஜ்யம் வைத்து, மதியம் ஸ்க்ரூ 5 டிகிரி ஏறினால், ஒரு மீட்டர் தள்ளி 60 மைக்ரான். சி3 ஸ்க்ரூ வாங்கியதெல்லாம் அந்த நேரத்தில் வீண். கம்பெனி மெஷின்களில் தண்டை இரு முனையும் இறுக்கி, முன்கூட்டியே இரண்டு மூன்று டிகிரிக்குச் சமமாக இழுத்து மாட்டுகிறார்கள். சூடேறும்போது அந்த இழுப்பு தளரும், நீளம் மாறாது. உயர்ந்த மெஷின்களில் தண்டின் நடுவே துளையிட்டு குளிர்ந்த எண்ணெய் ஓட்டுவார்கள். நம்மால் முடிந்தது, வேலை தொடங்கும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் வெறுமனே ஓட்டி, பிறகு பூஜ்யம் வைப்பது.

கிரீஸ், துருவல், மூடி

லித்தியம் சோப் கிரீஸ், இரண்டாம் எண் போதும். கிராஃபைட்டோ மாலிப்டினமோ கலந்த கறுப்பு கிரீஸ் வேண்டாம் என்று உற்பத்தியாளர்கள் பொதுவாகச் சொல்வார்கள். பந்து உருள வேண்டும், வழுக்கக்கூடாது. விஎம்சியில் ஸ்லைடுவே ஆயில் 68 தானாக வரும். டேங்க் காலியானதைக் கவனிக்காமல் ஓட்டுவதுதான் அங்கே ஸ்க்ரூவைக் கொல்லும் பெரிய காரணம். கூலன்ட் பட்டால் கிரீஸ் கழுவிப்போகும். காஸ்ட் அயர்ன் பொடி கிரீஸோடு சேர்ந்தால் லேப்பிங் பேஸ்ட்தான் (உலோகத்தைத் தேய்க்கும் பசை). நட்டின் இரு முனை வைப்பர் (பொடியைத் துடைக்கும் வளையம்) கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். சில நூறு ரூபாய்ச் சாமான், ஸ்க்ரூவைக் காப்பாற்றும். ஏர் கன்னால் ஸ்க்ரூவில் ஊதாதீர்கள். வைப்பரைத் தாண்டிப் பொடியை நீங்களே உள்ளே அனுப்புகிறீர்கள்.

நட் கழன்று பந்து கொட்டிவிட்டால்

பதறாதீர்கள், தரையைப் பெருக்காதீர்கள். காந்தத்தால் பந்துகளைத் திரட்டி, டீசலில் கழுவி, எண்ணுங்கள். குறைந்தால் ஒன்றிரண்டு மட்டும் புதிதாகச் சேர்க்கக்கூடாது. சில மைக்ரான் பெரிதான ஒரு பந்து மொத்தச் சுமையையும் தன் தலையில் வாங்கி நொறுங்கும். முழு செட்டையும் ஒரே லாட்டில் மாற்றுங்கள்.

தண்டின் மரை அடி விட்டத்தை விட 0.2 முதல் 0.4 மி.மீ. குறைந்த வெளிவிட்டத்தில் ஒரு குழாயை லேத்தில் கடைந்துகொள்ளுங்கள். அதன் உள்துளை ஸ்க்ரூவின் முனைத் தண்டில் நுழைய வேண்டும். வைப்பரை எடுத்து, நட்டின் உள்பள்ளத்தில் கிரீஸைப் பூசி, டிஃப்ளெக்டரிலிருந்து டிஃப்ளெக்டர் வரை ஒரு வட்டம் ஒரு வட்டமாகப் பந்துகளை ஒட்டுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் அடைத்து நிரப்பாமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். முழுக்க நிரம்பினால் பந்துகள் ஒன்றையொன்று தள்ளி மாட்டிக்கொள்ளும். ஒரு வட்டம் முடிந்ததும் குழாயை அதுவரை நுழையுங்கள், பந்து நகராது. நான்கும் முடிந்தபின் குழாயை ஸ்க்ரூவின் முனையில் மாட்டி, மரை ஆரம்பத்தில் இடைவெளியில்லாமல் முட்டவைத்து, நட்டை மெல்லச் சுற்றி ஏற்றுங்கள். தடுத்தால் பலம் போடாதீர்கள். ஒரு பந்து வட்டம் மாறியிருக்கிறது. குழாயில் திரும்ப இறக்கி, அந்த வட்டத்தை மட்டும் மறுபடி அடுக்குங்கள்.

ஏறியபின் முழு நீளமும் கையால் ஓட்டிப் பாருங்கள். பந்தில் குழியோ, பள்ளத்தில் செதிள் உதிர்ந்த இடமோ இருந்தால் விரல் நுனிக்கே தெரியும். தண்டில் அப்படி இருந்தால் புதுப் பந்து, புது நட் எதுவும் உதவாது. தண்டும் நட்டும் சேர்த்தே மாற்ற வேண்டும்.